வானில் வழி காணுதல்

திருகோணமலை நகரின் ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பும், அதற்கு அப்பால் சீனக்குடாவின் கரையும் தென்படும். அங்கேதான் இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அமைந்துள்ளது. பறக்கக் கற்கும் இளைஞரை ஏற்றிக்கொண்டு சிறு விமானங்கள் அங்கிருந்து எழும்பும். அவற்றின் இரைச்சல் கேட்டதும் எங்கள் வகுப்பறைகளில் பாடம் சற்று நின்றுவிடும். மாணவர் கண்கள் சாளரத்தை நாடும்.

அப்படி ஒரு காலையில், தேசப்படத்தில் திசையும் தூரமும் அளக்கும் முறையை நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இப்பொழுது கைத்தொலைபேசியே வழி சொல்லுகிறது. விமானங்களிலும் ஜீ.பீ.எஸ். கருவி வந்துவிட்டது. நாங்கள் ஏன் இதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை வரலாற்றிலே இருக்கிறது.

ஆதி விமானிகளுக்குத் துணையாயிருந்தவை மூன்று: தேசப்படம், திசைகாட்டி, கடிகாரம். மணிக்கு 90 மைல் வேகத்தில் செல்லும் விமானம் நிமிடத்துக்கு ஒன்றரை மைல் கடக்கும். புறப்பட்ட நேரமும் பிடித்த திசையும் தெரிந்தால், இப்பொழுது எங்கே இருக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் காற்று சும்மா இருப்பதில்லை. பக்கவாட்டில் மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசும் காற்று, அரைமணி நேரத்தில் விமானத்தைப் பத்து மைல் தள்ளிவிடும். விமானியோ நேராகச் செல்வதாகவே எண்ணிக்கொண்டிருப்பான். ஆகையால் அவன் அடிக்கடி கீழே நோக்கி, குளத்தையும் ஆற்றையும் இருப்புப்பாதையையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். அறுபது மைல் சென்றபின் ஒரு மைல் விலகியிருந்தால், திசையில் நேர்ந்த பிழை ஏறத்தாழ ஒரு பாகை என்பது விமானிகளின் மனக்கணக்கு. முப்பது மைலில் இரண்டு மைல் விலகினால் பிழை நான்கு பாகை. நம் பக்கத்துக் கந்தளாய்க் குளமும், கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியும் இப்படிப் பார்ப்பவனுக்கு அழியாத அடையாளங்கள்.

1932 ஒக்டோபர் 15ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை இயந்திர விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டு சென்றார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். வழிகாட்ட வானொலிக் கருவிகள் இல்லாத பயணம் அது.

நம் நாட்டின் வரலாற்றிலும் இக்கலையின் மதிப்பைக் காட்டும் நாள் ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் தலைமையில் கற்றலீனா விமானம் ஒன்று கொக்கலையிலிருந்து இந்துமாக்கடலின் மீது காவற்பறப்பை மேற்கொண்டது. மாலையில், திரும்பும் வேளையில், ஜப்பானியக் கப்பற்படை அவர்கள் கண்ணிற் பட்டது. சுட்டு வீழ்த்தப்படுமுன் எதிரியைக் கண்ட செய்தியை அவர்கள் வானொலியில் அனுப்பிவிட்டனர். மறுநாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எனினும் எதிரி வருகிறான் என்பது இலங்கைக்கு முன்னரே தெரிந்திருந்தது. குறிப்பிட அடையாளம் எதுவுமற்ற நடுக்கடலில், தாம் இருக்கும் இடத்தைத் தாமே கணித்து அறிந்த மனிதர் தந்த எச்சரிக்கை அது.

1951 மார்ச் 2ஆம் நாள் நமது விமானப்படை, அரச இலங்கை விமானப்படை என்ற பெயரில் தோன்றியது. அதன் முதல் பயிற்சி விமானங்களான சிப்மங்குகளிலும் மாணாக்கர் முழங்காலில் தேசப்படத்தை வைத்தே வழி பயின்றனர்.

இனி, செய்மதிகளின் கதைக்கு வருவோம். 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் கையர், வைஃபன்பாக் என்னும் இரு இளம் பௌதிகவியலாளர் அதன் ஒலிக்குறியைச் செவிமடுத்தனர். நெருங்கிவரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் ஒலிப்பது போல, அக்குறியின் அதிர்வும் மாறுவதைக் கண்டு, செய்மதியின் பாதையைக் கணித்தனர். தரையிலுள்ள இடம் தெரிந்தால் செய்மதியின் பாதையை அறியலாம் எனின், செய்மதியின் பாதை தெரிந்தால் தரையிலுள்ள இடத்தை அறியலாமன்றோ? இவ்வெண்ணமே வித்து. 1978இல் முதல் ஜீ.பீ.எஸ். செய்மதி ஏவப்பட்டது. 1995இல் 24 செய்மதிகளோடு அமைப்பு முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு செய்மதியும் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அணுக்கடிகாரத்தின் நேரத்தை அனுப்புகிறது. அது வந்துசேரப் பிடித்த காலத்தைக் கொண்டு கருவி தூரத்தை அறிகிறது. நான்கு செய்மதிகள் கிடைத்தால் இடமும் உயரமும் நேரமும் தெரிந்துவிடும். கணக்கில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும்.

முதலில் இது படையினரின் கருவி. அது எல்லார்க்கும் திறக்கப்பட்டமைக்குப் பின்னே ஒரு பெருந்துயர் இருக்கிறது. 1983 செப்ரெம்பர் 1ஆம் நாள், அலாஸ்காவிலிருந்து சோலுக்குச் சென்ற கொரிய விமானம் வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்தது. போர் விமானம் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் மாண்டனர். அதே மாதம், ஜீ.பீ.எஸ். முழுமை பெற்றதும் அதைக் குடிமக்கள் விமானங்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி றீகனின் அரசு அறிவித்தது. வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையும் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது.

நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தக் கொரிய விமானத்தில் வழியறியும் கருவி இல்லாமலில்லை. அக்காலத்துச் சிறந்த கருவிகள் மூன்று இருந்தன. தானியங்கிச் செலுத்தி அக்கருவிகளைப் பின்பற்றாமல், ஒரே திசையைப் பிடித்தபடி சென்றதையே 1993இல் வெளியான சர்வதேச விசாரணை எடுத்துக்காட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு மேலாக எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆகவே, புதிய கருவியை உலகுக்குத் திறந்துவிட்ட அந்த விபத்தே, கருவி மட்டும் போதாது என்பதற்கும் சாட்சியாய் நிற்கிறது.

சிறு பயிற்சி விமானத்தில் இக்கருவி பெரும் வரம் என்பதை மறுக்கமாட்டேன். தரைமீது செல்லும் உண்மை வேகத்தை அது சொல்லும். காற்றின் தள்ளுதலை உடனே காட்டும். முகிலுக்குள் திகைக்கும் மாணாக்கனுக்கு அண்மைத் தளத்தைக் காட்டும். இந்தியாவில் 'ககன்' என்னும் துணை அமைப்பு செய்மதிக் குறியைத் திருத்தி அனுப்புகிறது. 2022 ஏப்ரலில் கிஷன்கர் நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் அதன் துணையோடு இறங்கியது. ஆயினும், அத்தனை தூரத்திலிருந்து வரும் குறி மிக மெலிந்தது. அதைத் தடுக்கவும் பொய்க் குறி அனுப்பி ஏமாற்றவும் முடியும். போர்க்களங்களுக்கு அருகே அண்மை ஆண்டுகளில் பயணிகள் விமானங்கள் இதனை அனுபவித்து வருகின்றன. இதனாலேயே பல நாடுகளில் இன்றும் படமும் திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு வழி காணக் கற்றபின்னரே மாணாக்கனுக்கு உரிமம் கிடைக்கிறது.

அந்த மாணவனுக்கு நான் சொற்களால் விடை கூறவில்லை. மறுநாட் காலையில் வகுப்பை வெளியே அழைத்துச் சென்றேன். கோணேசர் கோயிற் பாறை எத்திசையில் இருக்கிறது என்று படத்தையும் சூரியனையும் கொண்டு கண்டுபிடிக்கச் செய்து, பின்னர் என் கைத்தொலைபேசியை அவனிடம் கொடுத்தேன். இரும்புப் படலையின் அருகே நின்றிருந்தான். தொலைபேசியினுள் இருக்கும் காந்தத் திசைகாட்டி தடுமாறி, சூரியன் எழுந்த பக்கத்தை மேற்கு என்றது. அவன் சற்றுத் தயங்கினான்; வானத்தைப் பார்த்தான்; கையிலிருந்த படத்தைப் பார்த்தான்.

"சேர், தொலைபேசி பிழை சொல்லுகிறது," என்றான்.

படம் பார்க்கத் தெரியாதிருந்தால், அந்தப் பிழையை அவனால் பிழை என்று சொல்லியிருக்க முடியாது.