தறி நின்ற நாட்கள்: சேலம், நாமக்கல் நெசவாளர்கள் வேலை இல்லாத காலத்தைச் சமாளித்த வரலாறு

சேலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாம்பழமும் உருக்காலையும். நாமக்கல் என்றால் முட்டை, லாரி. திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டி. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே இந்தச் சமவெளிக்குச் சோறு போட்ட தொழில் ஒன்று உண்டு. அதுதான் நெசவு.

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை... சற்றுத் தள்ளி இளம்பிள்ளை, ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம்... செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர், பத்மசாலியர் என்று பல சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த ஊர்கள் இவை.

மாதச் சம்பளக்காரருக்கு வேலை போனால் அது ஒரு செய்தி. சொந்தத் தொழில் செய்பவருக்கு வேலை போனால் அது செய்தியாவதில்லை. ஏனென்றால் அவரை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. வேலை தானாக வற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அப்படி வற்றிய காலங்களில் இந்த ஊர் நெசவாளர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? சுமார் 150 வருடக் கதை இது.

தறிக்குச் சொந்தக்காரர், வேலைக்கு அல்ல

முதலில் ஒரு நெசவுக் குடும்பத்தின் வரவு செலவைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே குழித்தறி. ஆண் நெய்வார், பெண்கள் தார் சுற்றுவார்கள், பிள்ளைகள் எடுபிடி வேலை செய்வார்கள். பாவு தோய்ந்து கஞ்சி போடுவது தெருவில். ஆக நெய்வது ஒருவர் என்றாலும் உழைப்பது முழுக் குடும்பம். கூலியும் குடும்பத்துக்கே ஒரே கூலி.

இந்த வருமானம் வருடம் முழுக்க ஒரே சீராக வராது. பொங்கல், தீபாவளி, முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் வேலை குவியும். பண்டிகை முடிந்ததும் மந்தம். அடைமழை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு காயாது. இது வருடா வருடம் வரும் சின்ன வறட்சி. இதைக் கையிருப்பு, கடன், அடகு என்று எப்படியோ தாண்டிவிடுவார்கள்.

தாண்ட முடியாதது பெரிய வறட்சி. நூல் விலை ஏறும்போது, துணி விலை இறங்கும்போது, அல்லது வாங்க ஆளே இல்லாமல் போகும்போது வருவது அது. அப்போதெல்லாம் வீட்டுப் பொருட்கள் ஒரே வரிசையில்தான் வெளியேறும். முதலில் நெய்து வைத்த துணி அடிமாட்டு விலைக்குப் போகும். பிறகு நகை. பிறகு பித்தளைப் பாத்திரங்கள். கடைசியில் தறி. தறி போய்விட்டால், நல்ல காலம் திரும்பி வந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு வராது!

எனவே பின்னால் வந்த ஒவ்வொரு உதவியையும் ஒரே ஒரு கேள்வியால் அளந்துவிடலாம். வேலை திரும்பியபோது தறி அந்த வீட்டில் மிஞ்சியிருந்ததா?

தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிவாங்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளும் அதற்குள் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். 1881இல் அது சுமார் 16 லட்சம். பத்தே வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மனிதர்கள் இல்லை. செத்தவர்கள் போக, இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் கப்பல் ஏறியவர்களும் உண்டு.

மழை பொய்த்தால் விவசாயி பாதிக்கப்படுவது புரிகிறது. நெசவாளி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? தறிக்கு மழை தேவையில்லையே!

காரணம் எளிது. நெசவாளியின் துணியை வாங்குபவர் விவசாயி. விளைச்சல் இல்லாதபோது அவர் முதலில் நிறுத்துவது புது வேட்டியும் சேலையும்தான். அதே நேரத்தில் தானிய விலை ஏறுகிறது. ஆக நெசவாளிக்கு வருமானமும் போகிறது, இருக்கிற காசுக்கு வாங்கக்கூடிய அரிசியும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. அமர்த்திய சென் 1981இல் எழுதிய வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் விளக்குவது இதைத்தான். ஊரில் தானியம் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. தன் உழைப்பைக் கொடுத்துத் தானியத்தை வாங்க முடிகிறதா என்பதே கேள்வி.

அரசாங்கம் நிவாரண வேலை திறந்தது. கல் உடைப்பது, மண் சுமப்பது, சாலை போடுவது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்து, ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சொற்பக் காசும் என்று நிர்ணயித்தார். இது உயிர் தாங்கப் போதாது என்று மாகாண சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார்.

இதில் நெசவாளிக்கு இன்னொரு சிக்கல். மெல்லிய இழையைத் தடவிப் பழகிய விரல்கள் சில மாதம் கல் உடைத்தால் பிறகு நூலைப் பிடிக்குமா? அதனால்தான் 1880 பஞ்சக் கமிஷனுக்குப் பிறகு உருவான பஞ்ச விதிகளில், நெசவாளருக்கு அவர்கள் தொழிலிலேயே நிவாரணம் தரலாம் என்ற யோசனை இடம்பெற்றது. அரசே நூல் கொடுக்கும், கூலி கொடுக்கும், துணியை எடுத்துக்கொள்ளும், பிறகு விற்கும். அரசாங்கம் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. அரிசி கொடுப்பதைவிடத் தறியை ஓடவைப்பது மேல்.

முதலாளியின் முன்பணம்

பஞ்சம் எப்போதாவது வருவது. மற்ற நாட்களில் நெசவாளிக்கு இன்ஷூரன்ஸாக இருந்தவர் யார்? ஜவுளி முதலாளிதான்.

அவர் நூல் கொடுப்பார். துணியை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். கல்யாணம், கருமாதி, மழைக்காலம் என்றால் முன்பணம் கொடுப்பார். மந்தமான மாதங்களில் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான். ஆனால் கடன் தீரும்வரை வேறு ஒருவருக்கு நெய்ய முடியாது. கூலியைக் குறைத்தாலும் கேள்வி கேட்க முடியாது. தறி வீட்டில் மிஞ்சியது உண்மை, ஆனால் தறியில் உட்கார்ந்தவர் தன் வசம் இல்லை.

இதை உடைக்கச் சேலத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரி 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்றைத் திறந்தார். விசை நாடா பூட்டிய தறிகள், ஒரே கூரையின் கீழ் வேலை, ஒழுங்கான கூலி. வெளிப்பார்வைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நெசவாளர்கள் ஆர்வத்தோடு வரவில்லை, வந்தவர்களும் ஒழுங்காக நிற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் நியாயம் இருந்தது. வீட்டில் குடும்பமே சேர்ந்து சம்பாதிக்கலாம், ஆலையில் ஒருவருக்குத்தான் கூலி. முதலாளியைப் பகைத்துக்கொண்டு ஆலைக்குப் போய், நாளை ஆலை மூடினால் முன்பணம் தருவது யார்? அந்தப் பயம் வீணாகவில்லை. தனியார் செய்யும் தொழிலை அரசு நடத்தக்கூடாது என்று லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு உத்தரவு போட, 1910இல் நெசவுச்சாலை மூடப்பட்டது.

புதுப்பாளையத்து ராட்டை

1925 பிப்ரவரி 6ஆம் தேதி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். இடம் கொடுத்தவர் அந்த ஊர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். அடுத்த மாதமே காந்தி நேரில் வந்து பார்த்தார். பின்னாளில் கல்கி இங்கிருந்துதான் ராஜாஜியின் 'விமோசனம்' பத்திரிகை வேலையைப் பார்த்தார்.

ஆசிரமம் தொடங்கிய சமயம் அந்தப் பக்கம் மழை பொய்த்து வறட்சி. காட்டு வேலை இல்லை. ஆசிரமம் செய்த வேலை இதுதான்: பஞ்சு கொடுப்பது, கிராமத்துப் பெண்கள் வீட்டில் நூற்ற நூலை வாங்கிக்கொள்வது, கூலி கொடுப்பது, அந்த நூலை நெசவாளரிடம் கொடுத்துக் கதராக்கி விற்பது.

கூலி மிகக் குறைவு. சில அணாக்கள்தான். அதைக் கொண்டு யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் இது மற்ற வேலைக்குப் போட்டி இல்லை. மற்ற வேலை இல்லாதபோது கைக்கு ஒரு வேலை. ஆட்டை விற்காமல், பாத்திரத்தை அடகு வைக்காமல் இன்னும் ஒரு வாரம் தள்ள அது உதவியது. நூற்பவர்களுக்கு இந்தக் கூலி போதாது என்று காந்தியே வற்புறுத்தி, 1935இல் அகில இந்திய சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது.

இதன் பலவீனமும் வெளிப்படை. கைநூல் தறியில் அடிக்கடி அறும், நெசவாளருக்கு மில் நூல்தான் வசதி. கதர் விலையும் அதிகம். தேசப்பற்றோடு வாங்க ஆள் இருக்கும்வரைதான் ராட்டை சுற்றும்.

1952: கிடங்கில் தேங்கிய துணி

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் துணி விலை விழுந்தபோது, நெசவாளர் தனித்தனியாக நின்றால் தாங்காது என்பது தெளிவானது. 1935இல் பிறந்தது இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் மாகாணக் கூட்டுறவு சங்கம். உலகப் போர்க் காலத்தில் 1941-42இல் பி. ஜே. தாமஸ் தலைமையிலான விசாரணைக் குழு நாடெங்கும் ஏறக்குறைய 20 லட்சம் கைத்தறிகள் இருப்பதாகக் கணக்கிட்டது.

பெரிய சோதனை 1952இல் வந்தது. கொரியப் போர்க் காலத்தில் ஏறிய ஜவுளி விலை சரிந்தது. துணி தேங்கியது, தறிகள் நின்றன. நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டிகள் திறக்கும் நிலை! அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் யார் தெரியுமா? 27 வருடம் முன்பு புதுப்பாளையத்தில் ராட்டையோடு உட்கார்ந்த அதே ராஜாஜி. வேட்டி, சேலை நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அவர் டெல்லியிடம் வாதாடினார். அரசியலில் அவருக்கு நேர் எதிரான தி.மு.க.வும் இந்த விஷயத்தில் தெருவில் இறங்கியது. 1953 தொடக்கத்தில் அண்ணா திருச்சியில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார்.

மத்திய அரசு பாதிதான் இறங்கி வந்தது. மில்களின் வேட்டி உற்பத்தியை முந்தைய அளவில் 60 சதவீதமாகக் கட்டுப்படுத்தியது. 1953இல் மில் துணிக்குக் கஜத்துக்கு 3 தம்பிடி வரி போட்டு, அந்தப் பணத்தில் கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி கொடுத்தது. கூட்டுறவு சங்கத்தில் சேரப் பங்குத்தொகை கட்ட முடியாத நெசவாளருக்கு அதில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்தது. இன்றும் பண்டிகைக்குக் கோ-ஆப்டெக்ஸ் கடையில் கிடைக்கும் தள்ளுபடிக்குப் பின்னால் இருப்பது அந்தக் கஞ்சித்தொட்டி நாட்கள்தான்.

ரூபாய்க்கு 8 பைசா

கூட்டுறவு சங்கங்கள் வழியாக ஒரு நல்ல சேமிப்புத் திட்டமும் வந்தது. நெசவாளர் வாங்கும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடிப்பார்கள், அரசு 4 பைசா சேர்க்கும். வருமானம் இருக்கும்போதே, கையில் வரும் முன்பே எடுத்து வைப்பதுதான் இதன் சூட்சுமம். மாதத்துக்கு ஒரு தொகை என்று வைக்காமல் கூலிக்கு ஏற்ற விகிதம் என்று வைத்ததால், மந்தமான மாதத்தில் பாரமும் இல்லை.

ஆனால் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்? கூலி வந்தால்தானே 8 பைசா! 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த இலவச வேட்டி சேலைத் திட்டம் இந்த இடத்தில் கைகொடுத்தது. பொங்கலுக்கு ஏழைகளுக்குத் துணி என்பது அதன் ஒரு பக்கம். தறிகளுக்கு மாதக்கணக்கில் ஆர்டர் என்பது மறுபக்கம். பஞ்ச விதிகளில் எழுதப்பட்ட அதே பழைய யோசனைதான், புது உடையில். ஆர்டர் தாமதமானாலோ, நூல் நேரத்துக்கு வராவிட்டாலோ தறிகள் மறுபடி காத்திருக்கும் என்பதும் உண்மை.

விசைத்தறிக் காலம்

இதற்கிடையே குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி சத்தம் கைத்தறிச் சத்தத்தை அமுக்கியது. 1985இல் கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பின்னர் 11 ஆகச் சுருங்கியது.

நான்கு தறி, ஆறு தறி போட்டு ஜவுளி வியாபாரியிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவரும் பெயருக்கு முதலாளிதான். ஆனால் தறி வாங்கிய கடனுக்கு மாதத் தவணை உண்டு. தறி ஓடினாலும் நின்றாலும் தவணை நிற்காது. குழித்தறி நின்றால் வருமானம்தான் போகும், விசைத்தறி நின்றால் கடனும் ஏறும். தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 1000 யூனிட்டாக உயர்த்தியது இந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான்.

அவர்களிடம் வேலை செய்யும் தொழிலாளர் நிலை இன்னும் கீழே. பழைய முன்பணம் அட்வான்ஸ் என்ற பெயரில் தொடர்கிறது. 2025இல் பள்ளிபாளையத்தில் வறுமையிலும் கடனிலும் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலைபேசிய கொடுமை வெளியே வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. துணி, நகை, பாத்திரம், தறி என்ற பழைய வரிசையில், விற்கத் தறியும் இல்லாதவரிடம் கடைசியில் மிஞ்சுவது உடம்பு மட்டுமே.

வரலாறு சொல்வது என்ன?

"நாலு காசு சேர்த்து வைக்கக்கூடாதா?" என்று சொந்தத் தொழில் செய்பவரைப் பார்த்துக் கேட்பது சுலபம். சேமிப்பு அவசியம்தான். ஆனால் அது தாண்டவைப்பது மழைக்காலத்தை, பஞ்சத்தை அல்ல. ஒரு ஊரின் தறிகள் எல்லாம் ஒரே நாளில் நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்று கேட்கவும் முடியாது. அவர் தறியும் நின்றுதான் இருக்கும்.

அந்த மாதிரி நாட்களில் பலன் தந்தவை மூன்று: அதே தொழிலில் கிடைத்த வேலை, ராட்டை போன்ற ஒரு துணை வேலை, நான்கு பேர் சேர்ந்து நிற்கும் சங்கம். மூன்றும் செய்த காரியம் ஒன்றே. நல்ல காலம் திரும்பும்வரை தொழில் செய்யும் கருவியை விற்காமல் காத்தன. வட்டிக்கும் அட்வான்ஸுக்கும் வாங்கிய பணமும் அடுப்பை எரியவைத்தது உண்மைதான். ஆனால் அது தறியை விட்டுவிட்டு மனிதரை எடுத்துக்கொண்டது.

தறிக்குப் பதில் ஆட்டோ, கேமரா, தையல் மிஷின், கம்ப்யூட்டர் என்று எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறாது. வேலை வற்றும்போது முதலில் யோசிக்க வேண்டியது எதை விற்கலாம் என்பதை அல்ல, எதை விற்கவே கூடாது என்பதை!