காற்றலையில் நம் பங்கு

1954 அக்டோபர் 3 அன்று அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் உரையாற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அல்ல, புத்தரிடமிருந்தே பெற்றதாக அறிவித்தார். மக்கள் பணத்தில் இயங்கிய வானொலி அது. ஆனால் பல கிராமங்களில் பஞ்சாயத்து வானொலிப் பெட்டி ஊருக்குள் இருந்தது. சேரியிலிருந்த நம் முன்னோர் எட்ட நின்றே கேட்டனர்.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தீண்டாமையை எதிர்ப்பதை வானொலி, தூர்தர்ஷன் இரண்டுக்கும் கடமையாக்குகிறது 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம். அலைவரிசை பொதுச் சொத்து என்றது 1995இல் உச்ச நீதிமன்றம். தனியார் தொலைக்காட்சி முதலாளியிடம் நாம் வேண்டுகோள்தான் வைக்க முடியும். பொது ஒலிபரப்பிடம் கணக்கே கேட்கலாம். செய்தி அறையில் நம்மவர் எத்தனை பேர்? நம் தெருவின் செய்திக்கு எத்தனை நிமிடம்? நம் வரிப்பணத்தில் ஓடும் நிலையத்தை விற்கவும் விடமாட்டோம். சாதிக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டோம்.