ஓரக்குறிப்பில் ஒரு மேடை

நாடகத்தை வகுப்பில் நடத்தும்போது நாம் பார்ப்பதெல்லாம் வசனம்தான். அதை மேடையேற்றியவர்கள் பிரதியின் ஓரத்தில் எழுதிவைத்தது நம் கண்ணில் படுவதில்லை. அப்படி ஒரு பிரதியைக் கொஞ்சம் பாருங்கள்.

‘பிலீவ் ஆஸ் யூ லிஸ்ட்’, பிலிப் மாசிஞ்சர் லண்டனில் மன்னரின் நாடகக் குழுவுக்கு எழுதியது. அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் மேலேயே, குழுவின் பிரதிக் காப்பாளர் எட்வர்ட் நைட் மேடைக்கான குறிப்புகளைச் சேர்த்திருக்கிறார்.

நான்காம் அங்கத்தில், நாடிழந்த மன்னன் ஆண்டியோக்கஸ் நிலவறைச் சிறையிலிருந்து மேலே வர வேண்டும். மேடையில் அது தரைக்கதவு வழியாக நடக்கும். அவன் வருவதற்குப் பல வரிகளுக்கு முன்பே நைட் எழுதிவிடுகிறார்: கேஸ்கோயினும் ஹியூபர்ட்டும் கீழே நின்று, திரு டெய்லருக்குக் கதவைத் திறக்கத் தயாராக இருக்கணும். கவனிச்சீங்களா? பாத்திரத்தின் பெயர் இல்லை, வேடம் போட்ட ஜோசப் டெய்லரின் பெயர்! கதவு திறப்பவனுக்கு ஆண்டியோக்கஸ் யாராக இருந்தால் என்ன? பாட்டுக்கு முன்னால், பாடகரும் ஒரு சிறுவனும் திரைச்சீலை அருகே தயார் என்று இன்னொரு குறிப்பு. எந்த அங்கத்தில் எந்த நடிகர் கையில் கடிதம் வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு.

எல்லாமே ‘தயார்’தான். எப்படிப் பேசணும், முகத்தில் என்ன பாவம் வரணும் என்று ஒரு சொல்கூட இல்லை. இயக்குநர் என்ற தனி ஆள் அன்று கிடையாது. நடிப்பு நடிகரின் பாடு, நேரம் பிரதிக் காப்பாளரின் பாடு. ஆகவே இத்தகைய பிரதியை வைத்துக்கொண்டு அந்தக் கால நடிப்பையே வர்ணிக்கும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதே பிரதியின் கடைசியில் தணிக்கை அதிகாரி ஹென்றி ஹெர்பர்ட்டின் அனுமதியும் இருக்கு: 1631 மே 6. அந்த ஜனவரியில் அவர் மறுத்திருந்தார். போர்த்துகல் மன்னன் செபாஸ்தியனின் கதை, இங்கிலாந்தோடு சமாதானத்தில் இருந்த ஸ்பெயினைக் கோபப்படுத்தும் என்பதுதான் காரணம். மாசிஞ்சர் கதையைப் பழங்காலத்துக்குத் தள்ளி, மன்னன் பெயரையும் மாற்றி மறுபடி கொடுத்தார்.

போட்டி முடிந்ததும் நம் மாணவர்களின் பென்சில் கிறுக்கிய பிரதிகள் எங்கே போகின்றன? பழைய தாள் பெட்டிக்குத்தானே! அடுத்த முறை ஒன்றையாவது எடுத்து வையுங்க. படிவம் இரண்டு மாணவர்களிடம் ஒரு பக்க வசனத்தைக் கொடுத்து, ‘தயார்’ குறிப்புகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மேசையைத் தூக்கி வர எத்தனை வரி முன்னால் சொல்லணும் என்பதிலேயே சண்டை ஆரம்பித்துவிடும்.