பதக்கத்தோடு தரையில் அமர்ந்தவர்கள்

ஐந்தாம் படிவ மாணவர்களே, விளையாட்டு வரலாறு என்றால் பதக்கக் கணக்கை மட்டும்தான் எழுதுகிறீர்கள். 2023-ஐயும் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

அவ்வாண்டு ஜனவரி 18-இல் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா ஆகியோர் புதுடில்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் அமர்ந்தனர். இந்திய மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்பது புகார். நாடாளுமன்ற உறுப்பினரான அவர் அதை மறுத்தார். குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை முழுமையாக வெளிவரவில்லை. ஏப்ரலில் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு பெண்கள் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் காவல்துறை வழக்கே பதிந்தது. யோசிச்சுப் பாருங்க, சாக்‌ஷி 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். அவருக்கே இந்த அலைச்சல் என்றால், பயிற்சி முகாமில் இருக்கும் பெயர் தெரியாத பெண் யாரிடம் போவாள்?

ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா முதலில் இதை ஒழுங்கீனம் என்றார். ஓடுகளத்தில் நாம் கொண்டாடியவர் ஆயிற்றே! பிறகு நேரில் போய்ச் சந்தித்தார்.

மே 30-இல் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்துவார் சென்றார்கள். விவசாயத் தலைவர்கள் தடுத்தார்கள். டிசம்பர் 21-இல் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் சம்மேளனத் தலைவரானார். அன்றே சாக்‌ஷி காலணிகளை மேசைமேல் வைத்து ஓய்வை அறிவித்தார். 2024 மே மாதம்தான் டில்லி நீதிமன்றம் ஐந்து பெண்களின் புகார்களில் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுப் பதிய உத்தரவிட்டது.