ஆழிப்பேரலையும் ஏட்டில் ஏறாத தொண்டர்களும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிறு காலை. சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர்; அவருள் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் மடிந்தோர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் விரைந்து வந்தனர். சோறிட்டனர், குடில் அமைத்தனர், பின்னர் வீடும் கட்டித் தந்தனர். அத்தொண்டு போற்றுதற்குரியதே. ஆயினும் அதன் வரலாற்றில் விடுபட்ட பகுதி ஒன்றுண்டு. அதனை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இடிபாடுகளிலும் சேற்றிலும் கிடந்து அழுகிய உடல்களை எடுத்தவர் யாவர்? பிற நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அவருள் மிகப் பெரும்பாலோர் நம்மவர். பலருக்குப் போதிய கையுறையும் இல்லை. பிறர் நெருங்க அஞ்சிய உடல்களை நாள்தோறும் எடுத்துப் புதைத்தனர். ஊதியத்துக்குச் செய்த வேலைதானே என்பாரும் உளர். வேலைதான், அவ்வேலை எப்போதும் நம்மவரையே தேடி வருவதேன் என்று அவர்கள் கேட்பதில்லை.

படகும் வலையும் இழந்த மீனவர்க்கு நிவாரணம் கிடைத்தது. அது முறையே, அவர்களும் உழைத்து உண்பவர்கள், அவர்களிடம் நமக்குப் பகையில்லை. ஆனால் படகும் நிலமும் இல்லாத கூலியாள் எதை இழந்தான் என்று எழுத ஏட்டில் கட்டமில்லை. உவர்நீர் புகுந்த வயலில் நடவு ஏது, களையெடுப்பு ஏது, அறுப்பு ஏது? போதாக்குறைக்கு, சில முகாம்களில் நம்மவர் பிறருடன் தங்கவும் நீர் எடுக்கவும் தடுக்கப்பட்டனர். மனித உரிமை அமைப்பினர் இவற்றை நேரில் விசாரித்துப் பதிவு செய்தனர். அதுவும் தொண்டே, நம் கருத்தில் அரிய தொண்டு.

பின்னர்த் தொண்டு நிறுவனங்கள் வயல்களை மீட்க முற்பட்டன. கடல் கொணர்ந்த மணலும் சேறும் வழித்தகற்றப்பட்டன. வரப்புயர்த்தி, ஜிப்சம் இட்டு, நன்னீர் தேக்கி உப்பை வடித்தனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். 2005-இல் பெய்த பெருமழையும் துணைநின்றது. மண் தேறிற்று. நிலத்துக்குரியவர்க்கு நிலம் மீண்டது. கூலியாளுக்குக் கூலிவேலை மீண்டது. 1968-இல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இதே மாவட்டத்து ஊர் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

அன்று நாகைக்குச் சென்று உடல் சுமந்து திரும்பியோர் நம் வட்டாரத்திலும் இருக்கக்கூடும். இளைஞர்கள் அவர்தம் இல்லம் சென்று, அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதி, நம் சங்கப் படிப்பகத்தில் சேர்த்திட வேண்டுகிறோம்.