பத்தாயிரம் ஸ்டெப்ஸ் யார் சொன்ன கணக்கு?

உங்க வாட்ச் தினமும் கேட்கிற அந்த 10,000 ஸ்டெப்ஸ், எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்தது இல்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அடுத்த வருஷமே யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை விற்க ஆரம்பித்தது. பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். பேரு வெச்சாங்க, அதுவே இலக்காயிடுச்சு!

அந்தக் காலத்துக் கருவிகளுக்குள்ளே பெரிய ரகசியம் ஒண்ணும் கிடையாது. ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஒரு சின்ன எடை. நடக்கும்போது இடுப்பு குலுங்கும், எடை ஆடும், பல்சக்கரம் ஒரு பல் நகரும். இன்றைய வாட்சில் ஆக்ஸிலரோமீட்டர் சிப் அதே குலுக்கலை மின்சார அலையாக்கி, அலையின் உச்சிகளை எண்ணுகிறது. குலுக்கல் சின்னதா இருந்தா? பல சமயம் எண்ணாது. அதனாலதான் மெதுவாக, காலைத் தேய்த்து நடக்கும் வயதானவர்களின் நடை பாதி கணக்கில் வராமலே போய்விடும். நடந்தும் நடக்காத கதை.

2019-ல் ஐ-மின் லீ குழு, அமெரிக்காவில் சுமார் 17,000 வயதான பெண்களின் நடையை ஆக்ஸிலரோமீட்டர் மாட்டி ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. நாளைக்கு 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பாட்டிக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தா, செட்டிங்ஸ்ல அந்த 10,000-ஐ முதல்ல மாத்திடுங்க.