ஊசியால் தடவிப் பார்த்த படிகம்

போன வாரம் விடியறதுக்கு முன்னாடி திருத்தணி மலை ஏறினேன். 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. இருட்டுல காலால துழாவித்தான் போனேன். இன்னைக்கு நாம பேசப்போற கருவியும் அப்படித்தான்.

1981-ல் ஸூரிச் பக்கத்து ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் உருவாக்கியது ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப். லென்ஸ் கிடையாது. ஒரு கூரான ஊசி, பொருளைத் தொடாம மேலாக நகரும். நடுவுல எலெக்ட்ரான் கசியும். இடைவெளி ஒரு ஆங்ஸ்ட்ராம் கூடினாலே மின்னோட்டம் சுமார் பத்தில் ஒரு பங்காயிடும். மேடு பள்ளம் அதுல தெரிஞ்சிடும்.

அதே ஆய்வகத்தில் 1986-ல் பெட்நார்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடில் உயர்வெப்ப மீகடத்தியைக் கண்டுபிடிச்சாங்க. தடையே இல்லாம மின்சாரத்தைக் கடத்தும் பொருள். "உயர்வெப்பம்"னா சுமார் 35 கெல்வின், அதாவது மைனஸ் 238 டிகிரி! அடுத்த வருஷமே 90 கெல்வினைத் தாண்டியாச்சு. ஆனா ஏன் இப்படி நடக்குதுன்னு இன்னும் முழுசா விளங்கல.

இரண்டு கதையும் சேர்ந்த ஒரு இடம், 2002-ல் வந்த நேச்சர் கட்டுரை. ஷேமஸ் டேவிஸ் குழுவில், சென்னை ஐஐடியில் படித்த வித்யா மாதவனும் இருந்தார். பிஸ்மத் கலந்த செம்பு ஆக்சைடு படிகத்தை ஊசியால் அலசினாங்க. எலெக்ட்ரான்களோட நிலை ஒரே சீரா இல்லை! சுமார் 3 நானோமீட்டர் அளவில் திட்டுத் திட்டா இருந்தது.

அப்போ முழுப் படிகத்தையும் சராசரியா அளந்த எண்கள் எதைச் சொல்லுது? திட்டு இந்தப் பொருளோட இயல்பா, கோளாறா? சண்டை அங்கதான் ஆரம்பிச்சது. மலைக்கு எத்தனை படின்னு யாரும் சொல்லிடலாம். எந்தப் படி தேஞ்சிருக்குன்னு ஏறின காலுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் பார்ப்போம்!